நானோ காப்பகத்தின் ஜன்னல்

ஃபில்டர் கிழிந்துபோனால் புது ஃபில்டர் போடவேண்டும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். ஆனால் அந்த ஆராய்ச்சி நிலையத்தை உலகத்தோடு சேர்த்துப் பேசுவது நியாயமாகாது. அங்கே ஒரு பொருள் கிழிந்தால், அது கிழிந்ததுதானா என்று முதலில் தீர்மானிக்கவேண்டும். பிறகு, எந்தப் பிரிவின் கண்காணிப்பில் கிழிந்தது என்று தீர்மானிக்கவேண்டும். அதற்குள் கிழிசல் தன்பாட்டுக்கு வளர்ந்து 'ஓட்டை' என்ற தலைப்புக்குள் போய்விடும். ஓட்டைக்கு வேறு பிரிவு. அவர்கள் கிழிசலைப் பார்க்கமாட்டார்கள்.

கிழிந்தது கரித்தூள் அறையின் எக்ஸாஸ்ட் ஃபேன் ஃபில்டர். அந்த அறையில் வேலை பார்த்தவளை நிலையம் முழுக்க 'தூசி மேடம்' என்றுதான் கூப்பிட்டார்கள். படித்து வாங்கிய பட்டங்கள் பெயருக்குப் பின்னால் வால் மாதிரி நீண்டிருந்தாலும், மணிக்கட்டில் ஒட்டியிருந்த கறுப்புதான் ஊர் கண்ணில் பட்டது. அவள் ஆராய்ந்துகொண்டிருந்தது கார்பன் நானோ குழாய்களை. கரியின் அணுக்கள் கோழிக்கூண்டு வலை மாதிரிப் பின்னிக்கொண்டு, சுருட்டி வைத்த பாய் போலக் குழாயாகி நிற்கும். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் அப்படிப்பட்ட குழாய்களை ஆயிரக்கணக்கில் அடுக்கலாம். மொத்தமாகப் பார்த்தால் அடுப்புக்கரிதான். அந்தக் குழாய்களில் நிலைமின்சாரம் எங்கே சேருகிறது, எப்படித் தங்குகிறது என்று அளந்து சொல்வது அவளுக்கு இட்ட வேலை.

நிலைமின்சாரம் நமக்குப் புதிதல்ல. தலை வாரிய சீப்பைக் காகிதத் துணுக்குகளிடம் கொண்டுபோனால் துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளுமே, அதுதான். கரித்தூளைப் பிளாஸ்டிக் புட்டியிலிருந்து சாய்க்கும்போதே அது ஏறிவிடும். ஏறியதும் ஒவ்வொரு துகளும் பக்கத்துத் துகளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பாகப்பிரிவினை முடிந்த அண்ணன் தம்பிகள் மாதிரி ஆளுக்கொரு திசையில் பறக்கும். பறப்பதை ஃபேன் இழுக்கும், ஃபில்டர் பிடித்து வைக்கும். இதுதான் ஏற்பாடு. ஃபில்டர் கிழிந்த பிறகு ஃபேன் மட்டும் கடமை தவறாமல் இழுத்து, இழுத்ததையெல்லாம் வெளியே ஊதியது.

வெளியே, ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு நடைபாதை. அதற்கு அந்தப் பக்கம் ஊழியர்களின் குழந்தைகளுக்கான காப்பகம். ஃபேனுக்கு நேர் எதிரே அதன் ஜன்னல். ஜன்னலுக்கு உள்ளே, சக்கரம் வைத்த குட்டிக் கட்டிலில், தூசி மேடத்தின் மகள்.

மகளுக்கு ஒன்றரை வயது தாண்டியும் ஒரு வார்த்தை வரவில்லை. சிரிப்பாள், கையை நீட்டுவாள், கேட்டது கிடைக்காவிட்டால் ஊரைக் கூட்டுவாள். ஆனால் 'அம்மா' இல்லை. டாக்டர், "சில பிள்ளைங்க மெதுவா ஆரம்பிக்கும், பயப்படாதீங்க" என்றார். பயப்படாதீங்க என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவளுக்குப் பயம் கூடிவிட்டது. அதன்மேல் இப்போது இந்தத் தூள். மூச்சோடு உள்ளே போனால் அது நுரையீரலில் என்ன செய்யும் என்பதைப் பற்றி அவள் படித்திருந்த எதுவும் தூங்கவைக்கிற மாதிரி இல்லை. வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. தூள் வேலையை நிறுத்தவும் முடியாது, மேலிடத்துக்கு வாராவாரம் புட்டி போகவேண்டும். ஃபேனையாவது நிறுத்தலாம் என்றால், அதன் ஸ்விட்ச் நிலையம் முழுவதற்கும் பொதுவானது. அதை அணைத்தால் இயக்குநர் அறையின் குளிர்சாதனமும் சேர்ந்து அணையும் என்பதால் அதைப் பற்றி நினைப்பதே ஒழுங்கீனமாகக் கருதப்பட்டது.

ஆகவே அவள் புது ஃபில்டர் கேட்டாள்.

கட்டடப் பிரிவு, ஃபில்டர் சுவரில் இருந்தாலும் அது சுவர் அல்ல என்று தெளிவுபடுத்தியது. கிடங்குப் பிரிவு, ஃபில்டர் ஃபேனோடு பிறந்தது, ஆகவே ஃபேனோடுதான் போகவேண்டும் என்று அபிப்பிராயப்பட்டது. கடைசியில் ஒருவர் ஆழ்ந்து சிந்தித்துக் கேட்டார்: தூள் பறப்பது எதனால்? மின்சாரத்தால். அப்படியானால் விஷயம் மின்பிரிவுக்குரியது.

மின்பிரிவு மேற்பார்வையாளரை எல்லோரும் 'டெஸ்டர்' என்பார்கள். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் டெஸ்டர் ஸ்க்ரூடிரைவர் இருக்கும். அதன் விளக்கு எரிந்தால் மின்சாரம் உண்டு, எரியாவிட்டால் இல்லை. பணியில் சேர்ந்த நாளிலிருந்து அவர் இந்தக் கொள்கையிலிருந்து இம்மியும் விலகியதில்லை.

"எங்க மேடம் கரண்டு?"

"இந்தத் தூள்ல இருக்கு சார்."

டெஸ்டர் குனிந்து, தூளைத் தொட்டுப் பார்த்தார். "எரியல."

"இது ஸ்க்ரூடிரைவர்ல தெரியாது சார். இது நிலைமின்சாரம். ஓடாது, ஒரே இடத்துல நிக்கும்."

"நிக்கிறதுக்குப் பேரு கரண்டா மேடம்? ஓடினாத்தான் கரண்டு. நின்னுபோச்சுன்னா அதுக்குப் பேரு கரண்டு கட்."

"உங்க சட்டையைப் பாருங்க சார். நீங்க குனிஞ்சதுக்கே வந்து ஒட்டிருக்கு."

டெஸ்டர் சட்டையைப் பார்த்தார். தட்டினார். தூள் கைக்கு மாறியது. கையைத் தட்டினார். திரும்பச் சட்டைக்கே வந்தது. "இது சலவை சம்பந்தப்பட்ட விஷயம்" என்றார். "எங்க பிரிவுல வராது."

மறுநாள் தீர்ப்பு வந்தது: 'மேற்படி தூளை உரிய கருவி கொண்டு சோதித்ததில் மின்சாரம் காணப்படவில்லை. மின்சாரம் இல்லாதபோது தூள் பறப்பதற்குக் காரணம் இல்லை. பறக்காத தூளுக்கு ஃபில்டர் தேவையில்லை. தேவையற்ற பொருள் கிழிந்ததைக் கிழிசலாகக் கருத இயலாது.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். எங்கே தப்பு என்று உடனே சொல்ல முடியவில்லை. அதுதான் அந்த நிலையத்தின் பெருமை.

இனி இயக்குநர்தான் கதி.

இயக்குநருக்கு நானோ என்றால் உயிர். அது என்ன என்பதைத் தெரிந்துகொள்ள அவருக்கு நேரம் கிடைக்கவில்லையே தவிர, பிரியத்தில் குறை வைத்ததில்லை. அவர் சட்டை கசங்காத நானோ சட்டை. சீப்பு நானோ சீப்பு, வாருவதற்கு முடிதான் நானோ அளவில் இருந்தது. அவரைத் தப்புச் சொல்லவும் முடியாது. ஊரே அப்போது அப்படித்தான் இருந்தது. முடிவெட்டுகிற கடையில் நானோ ஷேவிங், தையல் கடையில் நானோ தையல், நிலைய வாசலில் நானோ டீ. நானோ டீ என்றால் அதே டீ, கிளாஸ் மட்டும் சிறியது. ஜனங்கள் வரிசையில் நின்று குடித்தார்கள். சூடு நேரே மூளைக்குப் போகிறதாம்.

இயக்குநர் ஒரு குழுவைக் கூட்டினார். தூசி மேடம் திரையில் ஒரு குழாயின் படத்தைக் காட்டி, குழந்தைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள்.

"சார், குழாய்ல மின்னூட்டம் ஏறினா அது குழாய் முழுக்கச் சமமா பரவாது. ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு ரெண்டு முனைக்கும் ஓடிடும். முனைலதான் நெரிசல். நடுவுல ரொம்பக் கம்மி."

இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நடுவுல இடம் இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார். நிறையவே இருக்கு."

"இடம் இருக்கும்போது ஏன் முனைக்குப் போகுது?"

"அது இயற்கை சார். அதுவும் முனை எவ்வளவு கூர்மையோ, அங்க அதோட இழுப்பு அவ்வளவு அதிகம். அதனாலதான் கிட்ட இருக்கிற எதுலயும் போய் ஒட்டிக்குது. ஃபேன் வழியா வெளிய போய், எதிர்ல க்ரெச் ஜன்னல்..."

"இருங்க, இருங்க. யார் அனுமதியோட முனைக்குப் போகுது?"

குழுவில் ஒருவர், இது நிர்வாகச் சீர்கேடு என்று முணுமுணுத்தார். இன்னொருவர், நடுப்பகுதி புறக்கணிக்கப்படுவதைக் கேட்டு மனம் வேதனைப்படுகிறது என்றார். அவர் பதவி உயர்வு இல்லாமல் நடுமட்டத்திலேயே வெகுகாலமாக இருப்பவர், குரல் தழுதழுத்தது.

"முனையை மழுக்கிடலாமே?" என்றார் கட்டடப் பிரிவுக்காரர்.

குழு இந்த விஷயத்தைக் கனிவுடன் பரிசீலித்து ஒரு தீர்மானம் போட்டது: 'இனிமேல் மின்னூட்டமானது குழாய் முழுவதும் சீராகப் பகிர்ந்தளிக்கப்படவேண்டும். முனைகளில் கூட்டம் கூடுவது கண்டிப்பாகத் தவிர்க்கப்படவேண்டும். இதற்குத் தூசி மேடம் பொறுப்பு.' ஃபில்டர் பற்றிப் பேச நேரமில்லாமல் போய்விட்டது.

அன்று சாயங்காலம் அவள் இதைக் கணவரிடம் சொல்லி அழுதாள். அவர் பேருந்தில் கண்டக்டர். காலை நீட்டி உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டார். மகள் அவர் விசிலை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். விசில் பேசியது, அவள் பேசவில்லை.

"இதுல அழறதுக்கு என்னம்மா இருக்கு? என் பஸ்ஸுலயும் இதே கதைதான். நடுவுல ஆள் படுத்துத் தூங்கலாம், அவ்வளவு காலி. ஆனா எல்லாரும் படிக்கட்டுலதான் தொங்குவாங்க. 'நடுவுல காலியா இருக்கு, உள்ள வாங்க, உள்ள வாங்க'ன்னு கத்திக் கத்தி என் தொண்டையே போச்சு. ஒருத்தர் நகர்ந்திருப்பாங்களா?"

"நீங்க வேற! பிள்ளை மூச்சுல கரி போகுதேன்னு நான் துடிக்கிறேன்."

அவர் முகம் மாறியது. மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப வாயால சொல்லாத. கண்ணால காட்டு. கண்ணுல பட்டா யாராலயும் இல்லைன்னு சொல்லமுடியாது."

நியாயமான பேச்சுதான். அவருக்கு நிலையத்தைப் பற்றித் தெரியாது.

அவள் ஒரு கண்ணாடிக் காகிதத்தைக் கம்பளித் துணியால் நன்றாகத் தேய்த்து, காப்பக ஜன்னலில் ஒட்டினாள். மாலைக்குள் அது கறுத்துவிட்டது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் குழாய் குழாயாகத் தெரிந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. அவள் இயக்குநரைக் கையோடு கூட்டிவந்து ஜன்னல் முன்னால் நிறுத்தினாள்.

"பாருங்க சார். இவ்வளவும் எங்க அறையோட நானோ குழாய். நேரா பிள்ளைங்க கிட்டப் போகுது."

இயக்குநர் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். கண் கலங்கியது. அவளுக்கு உயிர் வந்தது.

"நேரா பிள்ளைங்களுக்கே போகுதா?" என்றார்.

"ஆமா சார்!"

"மேலிடத்துல கேட்டுக்கிட்டே இருக்காங்க மேடம், உங்க ஆராய்ச்சியோட பயன் மக்களை எப்பப் போய்ச் சேரும்னு. சேர்ந்துக்கிட்டு இருக்கு! நமக்கே தெரியாம சேர்ந்துக்கிட்டு இருக்கு!"

அந்த வாரக் கடைசியில் காப்பக வாசலில் புதுப் பலகை தொங்கியது: 'நானோ காப்பகம்'. கீழே சின்ன எழுத்தில்: 'மழலைக்கே நேரடி விஞ்ஞானம்'.

அதற்குமேல் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டுமா? நானோ டீ குடித்த ஊர் நானோ காப்பகத்தை விடுமா? நிலையத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் சம்பந்தம் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்கள். டெஸ்டர் தன் பேரனை முதல் ஆளாகக் கொண்டுவந்து சேர்த்தார். தூளில் மின்சாரம் இல்லை என்று எழுதிக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் நானோ இல்லை என்று எங்கேயும் எழுதவில்லையே. பெற்றோர் சங்கம் ஒன்று உண்டானது. ஜன்னலை எந்நேரமும் திறந்தே வைக்கவேண்டும் என்பது சங்கத்தின் முதல் கோரிக்கை.

காப்பகத்து ஆயாம்மாவுக்கு மட்டும் இதில் உற்சாகம் இல்லை. "என் முந்தானைக்கு வந்த கேடு மேடம், எவ்வளவு தோய்ச்சாலும் கறுப்பு போகல. இதுக்கா இந்த ஆளுங்க அடிச்சுக்கிறாங்க?"

"ஜன்னலைச் சாத்தி வைங்க ஆயாம்மா, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன்."

"நான் சாத்துறேன். அவங்க திறக்குறாங்க. நான் சாத்துறேன். அவங்க திறக்குறாங்க. எனக்குக் கையா, கதவா?"

இதற்கு நடுவில் புது ஃபில்டரும் வந்து சேர்ந்தது. யாரோ, எப்போதோ, தவறுதலாக அனுமதித்துவிட்டார்கள். பெற்றோர் சங்கம் கொதித்தெழுந்தது. பிள்ளைகளுக்கு வருகிற நானோவை நடுவழியில் மறிக்க ஒரு கருவியா? இயக்குநர் வருத்தம் தெரிவித்தார். ஃபில்டர் உறை பிரிக்காமல் வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டது, பழைய காலத்து மனிதர்கள் எப்படிச் சிந்தித்தார்கள் என்பதற்கு அடையாளமாக.

அப்போதுதான் தூசி மேடத்துக்குப் பயத்தோடு கோபமும் வந்தது. பயம் மட்டும் இருந்தபோது அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கோபம் சேர்ந்ததும் கேட்பதை விட்டுவிட்டாள். தன் சோதனைக்கு வைத்திருந்த இரண்டு உலோகத் தகடுகளை எடுத்து, ஃபேனுக்குப் பின்னால், காற்று வெளியேறும் குழலுக்குள்ளே எதிரெதிராகப் பொருத்தினாள். உயர் மின்னழுத்தப் பெட்டியிலிருந்து தகடுகளுக்கு ஒயர் கொடுத்தாள். மின்னூட்டம் ஏறிப் பறந்து வருகிற துகளைத் தகடு சும்மா விடுமா? இழுத்துப் பிடித்து ஒட்டிக்கொண்டது. மாலையில் பார்த்தால் தகடு முழுக்க மீசை முளைத்த மாதிரி குழாய்கள் விறைப்பாக நின்றன. ஈரத்துணியால் துடைத்து, மூடியுள்ள டப்பாவில் போட்டாள். வெளியே ஒரு தூசி போகவில்லை. எதை அளக்க அவளைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்களோ, அது முதல்முறையாக ஒரு காரியத்துக்கு உதவியது. ஆகவே அதை யாருக்கும் தெரியாமல் செய்யவேண்டியிருந்தது.

அந்த வாரம் அவள் நன்றாகத் தூங்கினாள். வாரக் கடைசியில் பெய்த மழை ஜன்னலில் இருந்த பழைய கறுப்பைக் கழுவிவிட்டது.

அடுத்த வாரம் ஆயாம்மா ஓடி வந்தாள். "மேடம், கண்ணாடி வெள்ளையா இருக்கு! சங்கத்துக்காரங்க சண்டைக்கு வந்துட்டாங்க. நான் துடைச்சுட்டேனாம்! நான் என்னிக்கு மேடம் கண்ணாடி துடைச்சேன்? என்னைப் பார்த்து அப்படி ஒரு அபாண்டமா?"

நிலையம் கலங்கியது. நானோ வரத்து ஏன் குறைந்தது? வழியில் யார் எடுக்கிறார்கள்? இயக்குநர் தூசி மேடத்தைக் கூப்பிட்டார். "ஃபேன் குழலைப் பிரிச்சுப் பார்க்கச் சொல்றாங்க மேடம். உள்ள ஏதாவது அடைப்பு இருக்குமோ?"

குழலைப் பிரித்தால் தகடு தெரியும். தகடு தெரிந்தால் தகடு போகும். தகடு போனால் தூள் வரும். "பிரிக்க வேணாம் சார்" என்றாள். "பருவநிலை. காத்துல ஈரம் அதிகமானா வரத்து கொஞ்சம் குறையும். நாளைக்குச் சரியாயிடும்."

ஈரம் அதிகமானால் நிலைமின்சாரம் குறையும் என்பது உண்மைதான். அந்த நிலையத்தில் அவள் சொன்ன உண்மைகளில் உடனே ஏற்றுக்கொள்ளப்பட்டது அது ஒன்றுதான். பொய்க்குத் துணையாக வந்ததால் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து மெழுகுவத்தியை ஏற்றி, தட்டைக் கவிழ்த்துப் பிடித்தாள். படிந்த கரியைச் சுரண்டி, பறக்காமல் இருக்கக் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் குழைத்தாள். "என்ன பண்றே?" என்றார் கணவர். "நானோ பண்றேன்" என்றாள். மறுநாள், ஆட்கள் வருமுன்னே போய், காப்பக ஜன்னல் கதவின் வெளிப்பக்கக் கண்ணாடியில் பஞ்சால் ஒற்றி ஒற்றிப் பூசினாள். குழந்தைகளின் மூச்சுக்குப் போக அதில் ஒன்றும் இல்லை. பெற்றோரின் கண்ணுக்குத் தேவையான எல்லாம் இருந்தது.

சங்கம் சமாதானமானது. கறுப்பு முன்பைவிடப் பளபளப்பாக இருப்பதாகச் சிலர் கவனித்தார்கள். மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி நேரில் வந்தார். ஒரு விரலால் கண்ணாடியைத் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, வெளிச்சத்தில் பார்த்தார். "நீங்க புட்டியில அனுப்புறதைவிட இது தரமா இருக்கே!" என்றார். மெழுகுவத்திக்குக் கிடைத்த பாராட்டில் இயக்குநர் வணங்கி நின்றார். "எல்லாம் மேடத்தோட உழைப்பு சார்" என்றார். அதுமட்டும் பொய்யில்லை.

ஒருநாள் தகட்டைத் துடைக்க அவள் குழலின் மூடியைத் திறந்துவைத்திருந்தபோது, பின்னால் இருமல் கேட்டது. டெஸ்டர். அவள் தடுப்பதற்குள், பழக்கத்தில் கை நீண்டு, தகட்டுக்குப் போகும் ஒயரை ஸ்க்ரூடிரைவரால் தொட்டுவிட்டது.

டெஸ்டர் துள்ளி இரண்டடி பின்னால் போனார். முகத்தில் வலியைவிட வியப்பு அதிகம். "எரியுது மேடம்!"

"சார், கொஞ்சம் உட்காருங்க." அவள் கதவைச் சாத்தினாள். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள்: தகடு, மெழுகுவத்தி, எண்ணெய், பஞ்சு. சொல்லி முடித்துவிட்டு, "உங்க பேரனும் அங்கதான் இருக்கான் சார். அவன் மூச்சுக்காகவும்தான். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள்.

டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் செருகிக்கொண்டார்.

"அப்ப, கண்ணாடில இருக்கிறது வெறும் மெழுகுவத்திக் கரியா?"

"ஆமா சார்."

"நானோ இல்ல?"

"துளிகூட இல்ல."

"பிள்ளைங்களுக்குக் கெடுதல் இல்லையே?"

"பறக்கவே பறக்காது சார். எண்ணெய்ல குழைச்சிருக்கேன்."

டெஸ்டர் எழுந்தார். கதவுவரை போனார். திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன் மேடம். ஆனா ஒரு சின்ன உதவி. என் பேரன் கட்டில் ஜன்னலுக்கு இடதுபக்கம் இருக்கு. அந்தப் பக்கம் பூச்சு கொஞ்சம் வெளிறி இருக்கு. அங்க இன்னும் ஒரு கை கூட..."

"சார்! அது மெழுகுவத்தின்னு இப்பத்தானே சொன்னேன்!"

"புரியுது மேடம், நல்லாப் புரியுது. இருந்தாலும் மத்த பிள்ளைங்களுக்கு அவ்வளவு இருக்கும்போது, இவனுக்கு மட்டும் குறைவா இருந்தா மனசு கேக்கல."

வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கணவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இருவரும் சிரிப்பதைப் பார்த்து மகளும் சிரித்தாள். "படிச்ச மனுஷன்!" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தெரிஞ்சே கேக்கிறார் பாருங்களேன்!" ஆனாலும் மறுநாள் காலையில் இடதுபக்கம் ஒரு கை கூடவே பூசினாள்.

அடுத்த வாரம் டெஸ்டரின் பேரன் பேசிவிட்டான்.

நிலையமே கூடியது. அவன் முதல் வார்த்தை 'எரியல' என்பது. தாத்தா வீட்டில் நாள் முழுக்கச் சொல்வது அதுதான் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஜன்னலின் இடதுபக்கம், அடர்த்தியான கறுப்பு, அதன் கீழே கட்டில்: இதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டும்? டெஸ்டர் வாய் திறக்கவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். ஆனால் பெருமையை மறைக்க முடியாமல் சட்டைப் பை ஸ்க்ரூடிரைவரைத் தடவிக்கொண்டே நின்றார். அதே வாரத்தில் இன்னொரு பிள்ளை 'தா' என்றது. மூன்றாவது ஒன்று 'போ' என்றது, அதுவும் இயக்குநரைப் பார்த்து. எல்லாம் ஜன்னலோரக் கட்டில்கள்.

தூசி மேடத்தின் மகள் கட்டில் அறையின் கடைசியில், ஜன்னலுக்கு எட்டாத சுவரோரம். தூள் வந்த நாட்களில் அவளே ஆயாம்மாவிடம் சொல்லிப் போடவைத்த இடம். மகள் சிரித்தாள், கையை நீட்டினாள், விசில் ஊதினாள். பேசவில்லை.

அது வயதுதான் என்று அவளுக்குத் தெரியும். ஒன்றரை வயதில் பேசுகிற பிள்ளை பேசும், இரண்டில் பேசுகிற பிள்ளை இரண்டில் பேசும். டாக்டர் சொன்னது தெரியும். கண்ணாடியில் இருப்பது தன் சமையலறை மெழுகுவத்தி என்பது உலகத்தில் மற்ற எவரையும்விட அவளுக்குத்தான் தெரியும். காலையில் பூசிய விரல் இன்னும் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது.

சாயங்காலம் மகளைக் கூட்டிப்போகக் கணவரோடு காப்பகத்துக்குப் போனாள். ஆயாம்மா அலுப்போடு கதவைத் திறந்தாள். "நீங்களே பாருங்க மேடம், எப்படி இருக்குன்னு. நான் நேரா போட்டுவச்சா, காலையில விட வர்றவங்க ஒரு தள்ளு, சாயங்காலம் கூட்டிப்போக வர்றவங்க ஒரு தள்ளு."

பார்த்தாள். இருந்த கட்டில்கள் அத்தனையும் ஜன்னலோரத்தில். ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, சக்கரத்தோடு சக்கரம் சிக்கிக்கொண்டு, கம்பிக்குள் கம்பி நுழைந்துகொண்டு. இந்தக் கடைசியில் அவள் மகளின் கட்டில் ஒன்று. நடுவில் வெறும் தரை. அவள் திரையில் போட்டுக் காட்டிய குழாயின் படத்தை யாரோ தரையில் செய்து வைத்த மாதிரி இருந்தது.

அவள் மகளின் கட்டிலருகே போனாள். பிறகு குனிந்து, மகளின் கட்டில் சக்கரத்திலிருந்த பூட்டை எடுத்துவிட்டாள்.

"சும்மாத்தான்" என்றாள், யாரும் கேட்காமலே. "இந்தப் பக்கம் வெளிச்சம் கம்மியா இருக்கு."

"எல்லா அம்மாவும் இதையேதான் மேடம் சொல்றாங்க" என்றாள் ஆயாம்மா.

கட்டில் நடுத்தரையைச் சுலபமாகக் கடந்தது. ஜன்னலோரக் கும்பலில் முட்டி நின்றது. உள்ளே போகவில்லை. அவள் தோளைக் கொடுத்துத் தள்ளினாள்.

வாசலில் நின்ற கண்டக்டருக்குத் தொண்டை தானாகத் திறந்துகொண்டது. "நடுவுல காலியா இருக்கும்மா, நடுவுல வாங்க, நடுவுல வாங்க!"

யாரும் நகரவில்லை. அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். விசிலை மகளிடமிருந்து வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, வந்து கட்டிலின் மறுமுனைக்கு ஒரு கை கொடுத்தார்.